தைல டப்பாவில் ஒரு சிட்டிகை

ஊரிகம்
9 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

சஞ்சு எழுதறேன். நானும் அம்மாவும் கீறோம். நல்லா கீறோம்னு எழுதினா நீ நம்ப மாட்ட. உனக்கு அங்க தூக்கம் வருதா? முதுகு வலி இன்னாச்சு? போர்வை குடுத்தாங்களா?

போன்ல உனக்கு அஞ்சு நிமிஷம் தராங்க. அம்மா அழுது முடிக்கவே அது சரியாப் போவுது. அதான் காயிதம். பரீட்சைல கூட நான் இவ்ளோ எழுதினது இல்ல, உனக்கே தெரியும்.

மஞ்சுநாத் வக்கீல் வூட்டுக்கு வந்தாரு. அம்மாவுக்கு கன்னடத்துல, எனக்கு இங்கிலீஷ்ல, ஒரே விஷயத்த ரெண்டு வாட்டி சொன்னாரு. 117ஆம் லாட் வலிப்பு மாத்திரை வயித்துல கரையல. அத முழுங்கின மூணு பேர் செத்துட்டாங்க. எண்பத்தி நாலு பர்சென்ட் கரையுதுன்னு சர்டிபிகேட்ல கையெழுத்து போட்ட கெமிஸ்ட் நீ. கம்பெனிக்காரன் சொல்றானாம், மருந்து காய்ச்சி ஆற வெக்கற எங்க வெசல்ல தப்பே இல்ல, லேப்ல அந்தப் பொண்ணு கவனிக்காம உட்டுட்டான்னு.

நீயா கவனிக்காம உடுவ? கொழம்புக்கு உப்பு போடறப்ப கூட ஸ்பூன மட்டம் தட்டறவ நீ. அப்ப ஏன் கையெழுத்து போட்ட? இத மட்டும் சொல்லு.

கம்பெனிக்கு சீல் வெச்சிட்டாங்க. வெசல் செக்‌ஷன்ல எங்க ஆறு பேரையும் வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. சூபர்வைசர் தங்கவேலு அண்ணன் போன எடுக்க மாட்டேங்கறாரு. காலைல ரயில் வண்டி சத்தம் கேட்டா எழுந்து உக்காந்துடறேன். அப்புறம் தான் போவ எடம் இல்லன்னு ஞாபகம் வருது.

அம்மா உன்ன நல்லா சாப்பிடச் சொன்னாங்க. பதில் போடு.

தம்பி
சஞ்சய்


பெண்கள் சிறை, பெங்களூரு
18 பிப்ரவரி 2025

அன்புள்ள சஞ்சுவுக்கு,

அக்கா எழுதுவது. உடம்பு பரவாயில்லை. போர்வை இரண்டு இருக்கிறது, இங்கே என் பக்கத்தில் படுப்பவர் ஒன்றைக் கொடுத்தார். அம்மாவின் கால் புண் எப்படி இருக்கிறது? சர்க்கரை பார்த்தீர்களா? தைப் பௌர்ணமிக்கு விகாரத்துக்குப் போனார்களா, இல்லை என்னால் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்களா?

ஒன்று தெரிந்துகொள். உள்ளே வரும் கடிதமும் வெளியே போகும் கடிதமும் அலுவலகத்தில் படித்த பிறகுதான் கைக்கு வரும். அது இங்கே முறை. அதனால் வீட்டு விஷயம் மட்டும் எழுது. ஏன் கையெழுத்துப் போட்டாய் என்றெல்லாம் கேட்காதே.

என் இரும்புப் பெட்டியைத் திறக்காதே. யார் கேட்டாலும் சாவி இல்லை என்று சொல்.

இப்போது முக்கியமானது. அடுத்த வீட்டு இன்பராஜ் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பார். நம் கம்பெனியிலிருந்து நீ அவருக்கு வலிப்பு மாத்திரைப் பட்டை கொண்டுவந்து கொடுப்பாயே, அது வீட்டில் இருந்தால் குப்பையில் போடச் சொல். செய்தித்தாளில் 117 என்று மட்டும்தான் வந்தது. ஆனால் அதற்குப் பின்னால் வந்த எந்த நம்பரும் வேண்டாம். கடைக்குப் போன 117 எல்லாம் திரும்ப வந்துவிட்டது. 118 முதல் 121 வரை குடோனுக்குள்ளேயே சீல். வெளியே இருக்கக்கூடியது, வேலை செய்தவர்கள் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனது மட்டுமே. அது எந்தப் பதிவிலும் இல்லை.

அவர் மனைவி டெய்சியிடம் இன்றே சொல். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வேறு கம்பெனி மாத்திரை எழுதி வாங்கச் சொல். நாளைக்கு என்று தள்ளாதே.

அம்மாவின் காலைத் தினமும் துடைத்துவிடு.

அக்கா
யசோதரா


ஊரிகம்
2 மார்ச் 2025

அக்காவுக்கு,

சஞ்சு. இங்க எல்லாரும் அப்படியே கீறோம். அம்மா கால் புண்ணு ஆறிக்கினு வருது. சுகர் எறநூத்தி நாப்பது. பௌர்ணமிக்கு விகாரத்துக்குப் போனாங்க, கடைசி வரிசைல உக்காந்துட்டு வந்தாங்க. நீ எப்படி கீற?

இன்பராஜ் அண்ணன் விஷயம் சொல்லிட்டேன்.

பெட்டிய தொறந்துட்டேன். திட்டு. தொறக்காதன்னு சொன்னா எவன் தொறக்காம இருப்பான்? அந்த ப்ரௌன் நோட்டு பாத்தேன். 110லேர்ந்து 116 வரைக்கும் உருகற சூடு 168, 168, 168. நூத்தி பதினேழுல 183. சிவப்பு பேனால வட்டம். கீழ ‘கரைவது 22’. சர்டிபிகேட்ல 84, நோட்டுல 22.

அப்ப நீ தூங்கல. உனக்குத் தெரிஞ்சிருக்கு.

அப்புறம் அந்தப் பக்கத்துல நீ ஒரு படம் போட்டு கீற, ஒரே மூலக்கூறு, ஒண்ணுல கை நீட்டிக்கினு, இன்னொண்ணுல கை மடக்கிக்கினு. எனக்கு ஒரு மண்ணும் புரியல. உன் காலேஜ் மாடல் பெட்டிய எடுத்து, அந்த கலர் உருண்டை எல்லாம் குச்சில கோத்து செஞ்சு பாத்தேன். எந்தக் குச்சியும் புடுங்கல. நடுவுல ஒண்ண மட்டும் திருகினேன். அவ்ளோதான், ஆளே மாறிப் போச்சு. அதே உருண்டை, அதே குச்சி, வேற உருவம்.

மூணாவது செமஸ்டர்ல இததான் கேட்டான். ஆறு கார்பன் வளையம், நாற்காலி வடிவம், படகு வடிவம், எது நிலையானது, ஏன்? நான் எழுதினேன், நாற்காலி, ஏன்னா அதுல உக்காரலாம். முட்டை போட்டான். அதோட காலேஜுக்கு கும்பிடு போட்டேன்.

இப்ப தான் மண்டைல ஏறுது. நம்ம ரயில் வண்டி மாதிரி. மூணு பேர் சீட்டுல அஞ்சு பேர். தோள் தோள இடிக்கறப்ப ஒருத்தனுக்கும் நிம்மதி இல்ல. ஒருத்தன் கொஞ்சம் முன்ன தள்ளி, ஒருத்தன் சாஞ்சு, ஒருத்தன் கைய மடக்கி, எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் இடிக்காத மாதிரி ஒரு தினுசுல மாட்டிக்குவாங்க. மாட்டினா அப்புறம் பங்காருபேட்டை வர வரைக்கும் ஒருத்தனும் அசைய மாட்டான். அந்த மடக்கின கை அப்படிதானே? நெருக்கமா அடுக்கிக்கும், தண்ணிய உள்ள உடாது, வயித்துல கரையாது. சரியா?

ஆனா பழைய லாட்ல எல்லாம் கை நீட்டிக்கினு இருந்தது, 117ல மட்டும் ஏன் மடக்கிச்சு?

டெய்சியக்கா நேத்து கேசரி குடுத்தாங்க. உனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வெக்கற மாதிரி வெச்சாங்க, அப்புறம் அத நானே துன்னுட்டேன்.

சஞ்சய்


பெண்கள் சிறை, பெங்களூரு
13 மார்ச் 2025

சஞ்சு,

நான் நலம். அம்மாவின் சர்க்கரை இருநூற்று நாற்பது என்றால் அது நலம் இல்லை. சோற்றைக் குறை, ராகி கொடு.

திறக்காதே என்றேன், திறந்தாய். நோட்டைப் பற்றி எழுத மாட்டாய் என்று நினைத்தேன், பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தை எனக்கு முன்னால் படித்தவர் வேதியியல் படிக்காதவராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். பெட்டியில் வேறு எதையும் தொடாதே.

மஞ்சுநாத் சார் வந்தார். இது கவனக்குறைவு என்று நின்றால் ஜூன் மாதத்துக்குள் ஜாமீன் வந்துவிடும் என்கிறார். தெரிந்தே செய்ததாக ஆனால் பத்து வருஷம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். புரிகிறதா?

நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுத மாட்டேன். என் கேள்விக்கு நீ எழுது. ‘சொல்லிட்டேன்’ என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறாய். அவர் வீட்டில் இருந்த பட்டையில் என்ன நம்பர்? யாரிடம் சொன்னாய், அவரிடமா, டெய்சியிடமா? என்ன சொன்னார்கள்? மாற்றிவிட்டார்களா?

அதற்கு மட்டும் உடனே எழுது.

அக்கா


ஊரிகம்
20 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

ரொம்ப லேட்டாயிடுச்சு. எனக்கு ஜுரம், அம்மாவுக்கு கால் வலி, அப்படியே நாள் போயிடுச்சு. இப்ப பரவால்ல. உனக்கு அங்க வெயில் எப்படி கீது? ஃபேன் கீதா?

நீ கேட்டதுக்கு. எல்லாம் சரியா கீது. இன்பராஜ் அண்ணன் அதே வண்டி, அதே ஜன்னல் சீட்டு. ஒண்ணும் கவலப்படாத.

எனக்கு வேலை ஒண்ணும் கெடைக்கல. ஒரு கொரியர் கம்பெனில போய் நின்னேன். முன்ன எங்க வேலை செஞ்சன்னு கேட்டான். பேர சொன்னேன். என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு, “ஓ, அந்த மாத்திரை கம்பெனியா, அப்புறம் கூப்பிடறோம்”னான். கூப்பிட மாட்டான்.

வக்கீல் வந்து என்ன தனியா உக்கார வெச்சு கேட்டாரு, “லாட் 117 அன்னிக்கு வெசல்ல யார் ட்யூட்டி?” நான் தெரியலன்னேன். “ரிஜிஸ்டர் காணோம்னு கம்பெனில சொல்றாங்க, உனக்கு ஞாபகம் இருக்கணுமேப்பா”ன்னாரு. நான் அம்மாவுக்கு மாத்திரை டைம்னு எழுந்து உள்ள போயிட்டேன்.

அக்கா, உனக்கு அஞ்சு அம்பது வண்டி ஞாபகம் கீதா? வெசல் ஆற நாலு மணி நேரம். மெல்ல ஆறினா தான் மருந்து பருக்கையா அடில இறங்கும். ரெண்டு மணிக்கு ஆற உட்டா ஆறு ஆயிடும், வண்டி போயிடும். அடுத்த வண்டி எட்டு மணிக்கு. எங்க ஷிஃப்ட்ல ஆறு பேரும் கேஜிஎஃப் ஆளுங்க. தெனம் அந்த வெசல் கண்ணாடில மூக்க ஒட்டிக்கினு, எறங்குடா எறங்குடான்னு கெஞ்சிக்கினு

வேணாம். மீதிய எழுத மாட்டேன். நீ சொன்ன மாதிரி வூட்டு விஷயம் மட்டும்.

அம்மா நல்லா கீறாங்க.

சஞ்சய்


ஊரிகம்
4 மே 2025

அன்பான யசோதராவுக்கு,

டெய்சி எழுதறேன். ஆண்டவர் உனக்கு அங்க தைரியம் குடுக்கணும்னு தினமும் ஜெபத்துல சொல்றேன். உடம்பப் பாத்துக்க.

நாளைக்கு இன்பராஜுக்கு நாப்பதாம் நாள் ஜெபம். நீ இருந்தா எனக்குப் பக்கத்துல உக்காந்திருப்ப. சஞ்சு உனக்கு எழுதியிருப்பான். இருந்தாலும் உன்கிட்டேர்ந்து ஒரு வரி கூட வரல. உள்ள இருக்கிறவ என்ன பண்ணுவான்னு என்னையே சமாதானம் பண்ணிக்கினேன்.

மார்ச் இருபத்தி ஆறு. பங்காருபேட்டைல வண்டி மாறப் போனவரு ப்ளாட்பாரம் ஓரத்துல நின்னுக்கினு இருந்தாராம். அங்கயே வலிப்பு வந்துடுச்சு. கூட்டம் புடிக்கறதுக்குள்ள கீழ விழுந்துட்டாரு. வண்டி அப்பதான் உள்ள வந்துது. முகத்த எனக்குக் காட்டல.

யசோ, அவருக்கு நாலு வருஷமா வலிப்பே வரல. பிப்ரவரி கடைசி வரைக்கும் பழைய பட்ட. அது தீந்து மார்ச் மாசம் புது பட்ட ஆரம்பிச்சாரு. சஞ்சு ஜனவரில கொண்டாந்து குடுத்தது. அதுல 121ன்னு போட்டிருக்கு. பேப்பர்ல வந்தது 117. நானும் அவரும் கண்ணாடி போட்டுக்கினு நம்பரப் பாத்தோம். “நம்மது வேற நம்பர்டி, சும்மா பயப்படாத”ன்னாரு. சஞ்சுகிட்டயும் கேட்டாரு. அவனும் ஒண்ணும் ஆவாதுண்ணான்னு சொன்னான்.

நீ படிச்சவ. அந்த மாத்திரையாலயா? எனக்கு பெரிய காயிதம் வேணாம். ஆமாவா, இல்லையா. ஒரு வார்த்தை.

உங்க அம்மா சரோஜம்மாவுக்கு இன்னும் நான்தான் மீன் கொழம்பு குடுத்து அனுப்பறேன். அவங்க என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறாங்க, ஏன்னு தெரியல.

உன் டெய்சி


பெண்கள் சிறை, பெங்களூரு
14 மே 2025

சஞ்சு,

டெய்சி எழுதியிருக்கிறாள்.

மார்ச் 26ஆம் தேதி இறந்தவரை ஏப்ரல் 20ஆம் தேதி ஜன்னல் சீட்டில் உட்கார வைத்திருக்கிறாய். நான் பிப்ரவரி 18ஆம் தேதி எழுதினேன். அவர் அந்தப் பட்டையைப் பிரிக்கவே இல்லை அப்போது.

அவளுக்கு ஒரு வார்த்தை வேண்டுமாம். இரண்டு நாள் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆமா என்று எழுதினால் அது எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். எழுதவில்லை. ஜூன் வரை எழுத முடியாது. இப்படி ஆகிவிட்டேன் என்று உனக்குத் தெரியட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு என்ன தெரியும்? ஏன் டெய்சியின் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார்கள்?

யசோதரா


ஊரிகம்
22 மே 2025

அக்காவுக்கு, அப்புறம் இத பிரிச்சு படிக்கிற ஆபீசருக்கும்,

ரெண்டு பேருக்கும் வணக்கம். ஆபீசர், உங்க வூட்ல எல்லாரும் சொகமா இருக்கட்டும். உங்களுக்கும் சேத்துதான் எழுதறேன், நிதானமா படிங்க. நாளைக்கு இதையே ராபர்ட்சன்பேட்டை போலீஸ் ஸ்டேஷன்லயும் குடுக்கப் போறேன்.

நான் சஞ்சய். வயசு இருவத்தி ரெண்டு. அந்த கம்பெனில ரெண்டாம் நம்பர் வெசல் ஆபரேட்டர்.

வெசல் கழுத்துல, மூடிக்குக் கீழ, பழைய லாட்ல தெறிச்சது ஒட்டிக்கினு மாசக்கணக்கா சூட்டுல காஞ்சு கெடந்துது. கழுவறப்ப பாத்தேன். எப்பவும் வர பருக்கை தட்டையா மங்கலா இருக்கும். இது ஊசி ஊசியா, கண்ணாடி மாதிரி. சொரண்டி அம்மாவோட பழைய தைல டப்பால போட்டு வெச்சேன். அழகா இருந்துது, அதான். வேற காரணம் இல்ல.

போன செப்டம்பர்ல ஒரு நாள். நாலரை ஆயிடுச்சு, வெசல்ல ஒண்ணும் இறங்கல. தங்கவேலு அண்ணன் தலைல கை வெச்சுக்கினு, “போச்சுடா, இன்னிக்கும் எட்டு மணி வண்டிதான், எம்பொண்ணு கேக் வெட்ட உக்காந்துருப்பாடா”ன்னாரு. இருண்ணான்னு சொல்லிட்டு டப்பாலேர்ந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ள போட்டேன். தயிருக்கு உறை ஊத்தற மாதிரி. நாப்பது நிமிஷம். மொத்தமும் வெள்ளையா இறங்கிச்சு.

“இன்னாடா போட்ட?”ன்னாரு.

“அதே சரக்குதாண்ணா. நம்ம வெசல்ல ஒட்டிக்கினு இருந்ததுதான்.”

“அதேன்னா சரி. ரிஜிஸ்டர்ல நாலு மணி நேரம்னே எழுது.”

எழுதினேன். அதான் 117.

அன்னிக்கு வண்டில என்ன சைன்டிஸ்ட், சைன்டிஸ்ட்னு கலாய்ச்சாங்க. காலேஜ் தொரத்தின சைன்டிஸ்ட்டு. மாலூர்ல போண்டா வாங்கிக் குடுத்தாங்க. எழுந்து எனக்கு ஜன்னல் சீட்டு குடுத்தது இன்பராஜ் அண்ணன். என் லைஃப்ல நானா கண்டுபுடிச்சது அது ஒண்ணுதான்.

மூணு நாள் கழிச்சு டப்பாவ காணோம். எவனோ தூக்கி எறிஞ்சுட்டான்னு நெனச்சேன். அக்கா, அது உன் பெட்டில நோட்டுக்குக் கீழ கீது. மூடில அம்மா ஒட்டின ப்ளாஸ்திரியோட. நீ கேக்கல, நானும் மார்ச்ல சொல்லல. லேப்ல நீ ஊசியப் பாத்திருக்க. வெசல் பக்கம் வந்திருக்க. நம்ம வூட்டு டப்பாவ பாத்திருக்க. என்ன ஒரு வார்த்தை கேக்காம எடுத்து மறைச்சுட்டு 84ன்னு கையெழுத்து போட்ட. எனக்காகத்தான் போட்ட. இது ஆபீசருக்கும் தெரியணும். தப்பு அவ மேல இல்ல.

இன்பராஜ் அண்ணன் விஷயம். உன் காயிதம் எனக்கு பிப்ரவரி 22 வந்துது. உடனே அவங்க வூட்டு வாசல் வரைக்கும் போனேன். “இன்னாடா நின்னுக்கினு கீற, வா, சாப்பிடு”ன்னாரு. உக்காந்து சாப்ட்டேன். பழைய பட்டைல இன்னும் ஆறு மாத்திரை இருந்துது, நானே பாத்தேன். சொன்னா ஏன்னு கேப்பாரு. 121 கெட்டதுன்னா அப்ப லேப் தப்பு இல்ல, வெசல் தப்பு. வெசல்னா நான். அப்புறம் நானே எனக்கு சொல்லிக்கினேன், சிட்டிகை போட்டது 117ல மட்டும்தானே, டப்பாதான் அப்பவே காணாம போச்சே, 121ல எப்படி வரும்? கை கழுவிட்டு வந்துட்டேன்.

உன் நோட்டுல கடைசிப் பக்கத்த டெய்சியக்கா வூட்ல சாவு விழுந்த அப்புறம் தான் படிச்சேன். ‘ஒரு முறை உள்ளே வந்தால் தூசியில், கையுறையில், குழாயில் எல்லாம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் போதும். இனி இந்த இடத்தில் பழைய வடிவம் வராது.’ 118, 119, 120, 121, எல்லாத்துலயும் 183ன்னு சின்னதா பென்சில்ல எழுதி கீற.

அம்மாவுக்கு நான்தான் சொன்னேன். இன்பராஜ் அண்ணன பொதைச்சுட்டு வந்த அன்னிக்கு. அதான் அவங்க டெய்சியக்கா மூஞ்சியப் பாக்கறதில்ல.

அவ்ளோதான். சொல்லிட்டேன். இப்ப உன்ன உட்டுடுவாங்க. அம்மாவ வந்து பாத்துக்க.

சஞ்சய்


பெண்கள் சிறை, பெங்களூரு
15 ஜூன் 2025

சஞ்சுவுக்கு,

அக்கா எழுதுவது. நீ இப்போது இதே வளாகத்தில் ஆண்கள் பக்கம் இருக்கிறாய் என்று மஞ்சுநாத் சார் சொன்னார். சாப்பிடுகிறாயா? கையை மூடி ஒரு துணி சுற்றிக்கொண்டு படு, கொசு அதிகம். நமக்கு நடுவில் ஒரு சுவர்தான். ஆனாலும் இது உனக்கு வந்துசேர ஒரு வாரம் ஆகும்.

உன் கடிதம் என் கைக்கு வருமுன் மேலே போனது. அவர்கள் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்தார்கள். நோட்டும் டப்பாவும் இப்போது கோர்ட்டில் இருக்கின்றன. என் ஜாமீன் மனு பன்னிரண்டாம் தேதி தள்ளுபடி ஆனது. கவனக்குறைவு என்று இனி யாரும் சொல்ல முடியாது. டப்பாவை எடுத்து ஒளித்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? பென்சிலில் எழுதிய நான்கு எண்களையும் நீயே வரிசையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். தங்கவேலுவைப் பிடித்தார்கள். முதலாளி நெஞ்சு வலி என்று ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்.

நீ மறுபடியும் அவசரப்பட்டுவிட்டாய், சஞ்சு. ஒரு நாள் மஞ்சுநாத் சாரிடம் காட்டிவிட்டு அனுப்பியிருக்கலாம். எறங்குடா எறங்குடா என்று நிற்க முடியாமல் ஒரு சிட்டிகை.

திட்டுவதற்காக எழுதவில்லை. ஒன்றைத் திருத்தவே எழுதுகிறேன். நான் கையெழுத்துப் போட்டதைப் பற்றி ‘எனக்காகத்தான் போட்ட’ என்று எழுதியிருக்கிறாய். அது பாதிதான்.

மூன்றாம் நாள், 117ஐச் சோதித்த அன்று, டப்பாவைக் கண்டதும் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டது உண்மை. உன்னைத் துரத்திவிடுவார்கள், காலேஜும் போய் வேலையும் போய் நீ என்ன ஆவாய் என்று நினைத்ததும் உண்மை. ஆனால் 22 என்று வந்தால் இன்னொரு முறை ஆறு மாத்திரையைப் போட்டுச் சோதிக்க வேண்டும். அப்போதே மணி ஐந்தேகால். வாசலில் லாரி நின்றது. மறுசோதனை செய்தால் எட்டு மணி வண்டிதான். அம்மாவுக்குக் காலில் சீழ் வைத்திருந்த வாரம் அது. நாளைக்கு வந்து உரியவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று 84 எழுதிவிட்டு ஓடினேன். அடுத்த நாள் லாரி போயிருந்தது. அதற்குப் பின் சொல்வதற்கு ஒரு நாளும் வரவில்லை. 118 வந்தபோது, 117ஐ விட்டவள் இதை எப்படி நிறுத்துவது என்று நினைத்தேன். அப்படியே நான்கு.

நீ வண்டியில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருந்த அன்று நான் பெண்கள் பெட்டியில் இருந்தேன். அதே அஞ்சு அம்பது.

உன் பரீட்சைக் கேள்விக்கு நீ எழுதிய பதில் அவ்வளவு மோசமில்லை. நிலையானது என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. கீழே போய் உட்கார்ந்துகொண்டு, மறுபடி மேலே ஏற வழியில்லாதது. நான் ஒன்பது மாதம் பொய்யில் உட்கார்ந்திருந்தேன், நீ மூன்று மாதம். அதுவும் நிலையாகத்தான் இருந்தது.

பத்து வருஷம் என்கிறார்கள். நான் இனி எதையும் காப்பாற்ற வேண்டியதில்லை என்பதால் டெய்சிக்கு நேற்று அட்டை போட்டேன். நலமா என்று கேட்டு, கீழே அவள் கேட்ட ஒரு வார்த்தை.

அம்மா தனியாக இருக்கிறார்கள். அது ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அக்கா


ஊரிகம்
6 ஜூலை 2025

யசோதராவுக்கும் சஞ்சுவுக்கும்,

டெய்சி எழுதறேன். ரெண்டு பேருக்கும் ஒரே காயிதம். கீழ கார்பன் வெச்சு எழுதறேன், யாருக்கு எது வருதோ. இந்த வாட்டி ஆண்டவர் பேர்ல ஆரம்பிக்க எனக்கு மனசு வரல. உடம்பு எப்படி இருக்குன்னு மட்டும் கேக்கறேன்.

யசோ, உன் அட்ட வந்துது. ‘ஆமா.’ அத பைபிள்ல வெக்கல. அரிசி டப்பா மேல வெச்சிருக்கேன்.

சஞ்சு, ஸ்டேஷன்ல நீ குடுத்தத உங்க வக்கீல் எனக்குப் படிச்சுக் காட்டினாரு. நீ வாசல்ல வந்து நின்ன அன்னிக்கு எங்க வூட்டுக்காரரு உனக்குப் போட்டது கத்தரிக்கா சாம்பார். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோன்னு நான்தான் ஊத்தினேன். எல்லாத்தையும் எழுதினவன் அத மட்டும் ஏன் உட்ட?

உங்க அம்மா என் வூட்ல இருக்காங்க. பெட்டிய எடுத்துக்கினு போலீஸ் போன அன்னிக்கு நம்ம லைன் வூடுங்கள்ல ஒருத்தரும் கதவு தொறக்கல. அவங்க வெளிய நின்னுக்கினே இருந்தாங்க. நான் கையப் புடிச்சு இட்டுக்கினு வந்துட்டேன். ஏன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது. “என்ன அடிச்சுடு டெய்சி”ன்னாங்க. “கால நீட்டுங்க, புண்ணு தொடைக்கணும்”னேன். சுகர் எறநூத்தி பத்து. மாத்திரை கடைல நானே நின்னு, கம்பெனி பேரு கேட்டு வாங்கறேன்.

மன்னிச்சுக்கோன்னு ரெண்டு பேரும் எழுதாதீங்க. எழுதினா படிக்காம கிழிச்சுடுவேன்.

அவரு பட்டைல பதினோரு மாத்திரை மிச்சம் இருந்துது. பத்த போலீஸ் வாங்கிக்கினு போச்சு. ஒண்ண நான் குடுக்கல. ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்திப் போட்டேன். கொஞ்ச நேரத்துல ஒடஞ்சு பொடியாச்சு. அந்தப் பொடி இன்னிக்கு ஒன்பது நாளா அடியிலயே உக்காந்திருக்கு. வெயில்ல தூக்கிப் பாத்தா ஊசி ஊசியா மினுக்குது. சஞ்சு சொன்னது நெஜம்தான், அழகாத்தான் இருக்கு.

சரோஜம்மா அதப் பாக்கறப்ப எல்லாம் கொட்டிடுன்னு சொல்றாங்க. கொட்ட மாட்டேன். தண்ணி வத்தினா ஊத்தறேன். நீங்க வர வரைக்கும் ஜன்னல்ல இருக்கும். வந்து, ரெண்டு பேரும் நின்னு பாக்கணும்.

டெய்சி